சவுக்குக் கழியில் டியூஷன் கொட்டகை கட்டுவது எப்படி

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் ஊர் ரெட்டிச்சாவடிப் பக்கம். இரவு முழுக்கக் கதவுக்குப் பின்னால் நெல் மூட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். காற்று அடங்கியதும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையைக் காணோம். பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் அதன் கூரை தலைகீழாகக் கிடந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கூரை ஏறக்குறைய முழுசாக இருந்தது. கால்களின் மேல் நீளவாக்கில் ஓடும் வளை உடையவில்லை. கூரையின் சரிவில் இறங்கும் கைமரம் ஒன்றுகூட முறியவில்லை. திரும்பி வந்து கால்களைப் பார்த்தோம். எட்டில் ஐந்து அப்படியே நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் அறுந்த கயிறு தொங்கியது. மீதி மூன்றும் தரை மட்டத்தில் ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், ஈர ரொட்டியில் இறங்குவதுபோல் உள்ளே போனது. அதற்கு ஒரு சாண் மேலே அதே கழியில் ஆணி இறங்காது.

அப்போது நான் டிப்ளமோ சிவில் படித்துக்கொண்டிருந்தேன். "சவுக்கு அவ்வளவுதான் பாப்பா, அடுத்த தடவை இரும்புக் குழாய் வாங்கிடலாம்" என்றார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று கால் ஈரத்தில் மக்கி விழுந்தது. ஐந்து காலில் கயிறு விட்டுப்போனது. இரண்டிலும் மரத்தின் மேல் குற்றம் இல்லையே. அந்த எண்ணத்தோடு 2019இல் தம்பி நடத்தும் மாலை டியூஷனுக்காக 12 அடிக்கு 20 அடியில் ஒரு சவுக்குக் கொட்டகை கட்டினேன். அதன் பிறகு தெரிந்தவர்களுக்கு மாட்டுக் கொட்டகை, தையல் கூடம், சாலையோரக் கடை என்று ஏழெட்டு கட்டியாயிற்று. எப்படிச் செய்கிறேன் என்பதை அந்த டியூஷன் கொட்டகையை வைத்தே சொல்கிறேன். தரைத்தளம் மட்டும் உள்ள சின்னக் கட்டடத்துக்குத்தான் இது பொருந்தும். மாடி போட நினைப்பவர்கள் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம், எத்தனை வயசு

நம் கடலோர மணலில் சவுக்கு வேகமாக வருவதற்குக் காரணம் அதன் வேர். பிராங்கியா என்ற நுண்ணுயிர் அந்த வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலிருக்கும் நைட்ரஜனை மரத்துக்கு உரமாக்கித் தருகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இன்னும் வேகமாக வளரும் ரகங்களைக் கொடுத்த பிறகு, மூன்று நான்கு வருஷத்திலேயே வெட்டி காகித ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூழுக்கு அந்த வயசு போதும். கூரையைத் தாங்கப் போகிற காலுக்குப் போதாது. மூன்று வயசு மரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வெளிப்பக்கத்து வெள்ளை மரம். மரத்தைத் துளைக்கும் உளு முதலில் இறங்குவதும் அங்கேதான், காயும்போது அதிகமாக வெடிப்பதும் அங்கேதான்.

தானே அடித்து முடித்த அடுத்த மழைக்காலத்தில், 2012இல், அப்பா கொல்லை முழுக்க சவுக்கு நட்டார். 2016இல் கொல்லையை வெட்டியபோது வரப்போரம் நின்ற மரங்களை மட்டும் விடச் சொன்னேன். ஏழாவது வருஷத்தில் வெட்டிய அந்த மரங்கள்தான் இந்தக் கொட்டகையின் கால்களும் விட்டங்களும். சொந்தக் கொல்லை இல்லாதவர்கள், வெட்டப் போகும் விவசாயியிடம் முன்கூட்டியே பேசி, வரப்பு மரத்தில் நேரானதாகப் பார்த்துக் கேளுங்கள். டன் கணக்கில் ஆலைக்குப் போகிற விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கழி வாங்கும்போது நூல் ஒன்று கையில் இருக்கட்டும். அடியிலும் நுனியிலும் சுற்றளவைப் பிடித்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். காலுக்கும் குறுக்கு விட்டத்துக்கும் கழியின் நடுப்பகுதியில் 16 அங்குலச் சுற்று, அதாவது 5 அங்குல விட்டம். கால்களின் தலையில் நீளவாக்கில் ஓடும் வளைக்கு 14 அங்குலச் சுற்று. கைமரத்துக்கு 9 முதல் 10 அங்குலம். ஒரு அங்குலக் குறைச்சலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருட்டுக் கழியின் பலம் விட்டத்தின் முப்படியில் ஏறுகிறது. 3 அங்குலக் கழியைவிட 4 அங்குலக் கழி 2.4 மடங்கு தாங்கும். வளையாமல் விறைப்பாக நிற்பதில் 3 மடங்குக்கும் மேல்.

பிறகு கழியைத் தரையில் உருட்டிப் பாருங்கள். ஒரே பக்கமாக வில் போல் வளைந்தது பரவாயில்லை. அந்த முதுகை மேல்பக்கம் வைத்தால் பாரம் ஏறும்போது நேராகும். இரண்டு பக்கமும் நெளிந்து பாம்பு போல் இருந்தால் வேண்டாம். பட்டையை ஒரு சாண் உரித்து நாரோட்டம் பாருங்கள். கயிறு முறுக்கியதுபோல் சுற்றிச் சுற்றிப் போனால் காயும்போது கழியும் அப்படியே முறுக்கும். அடிவெட்டில் வட்டத்தின் மையம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால், மரம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மரங்களையும் கேட்கிறார்கள். தைலமரம் பலத்தில் குறைந்ததில்லை, ஆனால் மரத்துக்குள்ளேயே இழுவிசை இருப்பதால் வெட்டிய உடனே முனையில் நட்சத்திரம் போல் வெடிக்கும். அறுத்துப் பலகையாக்கினால் வளைந்துவிடும். உருட்டாகவே, முனையைக் கட்டி வைத்துக் காயவைத்தால் கைமரத்துக்கு ஆகும். மலைவேம்பு லேசான மரம். ஒட்டுப்பலகைக்கு நல்லது, கால் நட வேண்டாம். குமிழ் காயும்போது அவ்வளவாக ஆடாது என்பதால் ஜன்னல் சட்டத்துக்கு அதைத்தான் எடுப்பேன். கத்திச் சவுக்கு நேராகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால், காலையும் வளையையும் மூலையில் சாய்வாக இணைக்கும் கைமுட்டுக்கு அருமையாக உட்காரும்.

உரித்தல், ஊறவைத்தல், காயவைத்தல்

வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் பட்டையை உரித்துவிட வேண்டும். ஈரம் இருக்கும்போது மண்வெட்டி முனையால் தள்ளினாலே நீளநீளமாகக் கழன்று வரும். விட்டுவிட்டால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வண்டு முட்டை வைக்கும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தையல் கூடம் ஒன்றுக்குக் கழி போதவில்லை என்று ஒரு மரக்கடையில் கைமரங்கள் வாங்கினேன். பட்டை பாதி ஒட்டியிருந்தது. "காஞ்ச கழிதாம்மா, அப்படியே ஏத்து" என்றார் கடைக்காரர். மூன்றாவது மாதம் தையல் மெஷின் மேலே கடலைமாவு தூவியதுபோல் தினமும் ஒரு படலம். அந்த அக்கா துணியால் துடைப்பார், மறுநாள் மறுபடியும் இருக்கும். அண்ணாந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கைமரத்தில் குண்டூசித் தலை அளவில் வரிசையாக ஓட்டைகள். பதினொரு கைமரத்தை இறக்கி மாற்றினேன். அன்றிலிருந்து எந்த அவசரத்துக்கும் மருந்து வைக்காத கழியை மேலே ஏற்றியதில்லை.

பழைய ஆட்கள் குட்டையில் மூன்று நான்கு வாரம் கழியை அமுக்கிப் போடுவார்கள். தண்ணீரில் மாவுச்சத்து கரைந்து போய்விடும், உளுவுக்குத் தீனி குறையும். காரணம் தெரிந்தே செய்த வேலை அது. இன்றைக்கும் நல்ல குட்டை இருந்தால் செய்யுங்கள். ஆனால் கரையானுக்கு அது போதாது. அதற்குப் போரிக் அமிலமும் போராக்ஸும்.

100 லிட்டர் தண்ணீருக்குப் போரிக் அமிலம் 2.5 கிலோ, போராக்ஸ் 3.5 கிலோ. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் நன்றாகக் கரையும், தனித்தனியே போட்டால் அடியில் தங்கும். முதல் பத்து இருபது லிட்டரைச் சூடாக்கி அதில் கரைத்துவிட்டு மீதித் தண்ணீரைச் சேருங்கள். தொட்டிக்கு நான் தோட்டத்தில் 15 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, ஓட்டை இல்லாத தார்ப்பாயை இரண்டு மடிப்பாக விரித்தேன். கழிகளை அடுக்கியபின் 600 லிட்டர் பிடித்தது. அப்படியானால் போரிக் அமிலம் 15 கிலோ, போராக்ஸ் 21 கிலோ. கழி மிதக்கப் பார்க்கும், மேலே செங்கல் பாரம் வைக்க வேண்டும். மூன்று தடவையாக மொத்தக் கழியையும் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் குறைந்த தண்ணீருக்கு அதே விகிதத்தில் கலந்து நிரப்பினேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த மருந்து பச்சை மரத்தில்தான் ஏறும். கழிக்குள் இருக்கும் ஈரத்தின் வழியாகத்தான் அது மெதுவாக உள்ளே நகர்கிறது. காய்ந்த கழியை முக்கினால் மேல்தோலோடு நின்றுவிடும். அதனால் உரித்த அன்றைக்கே தொட்டியில் போட்டு, பத்து நாள் ஊறவிட்டு, எடுத்தபின் வெயிலில் போடாமல் தார்ப்பாய் போர்த்தி இன்னும் மூன்று வாரம் வைக்க வேண்டும். மருந்து நடுவரைக்கும் போவது அந்த மூன்று வாரத்தில்தான். நிறையப் பேர் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள்.

கைக்கு ரப்பர் உறை போடுங்கள். மாடு, நாய், குழந்தை எதுவும் அந்தத் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. மிச்சத்தைச் செடிக்கோ வாய்க்காலுக்கோ ஊற்றிவிடாதீர்கள், போரான் அளவு மீறினால் பயிர் கருகும். அடுத்த கழிக்கு மூடி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறும். மண்ணில் புதைக்கும் கழிக்கு இது உதவாது. வேலிக்கால், பந்தக்கால் நடுவதற்குச் செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றித் தரும் ஆலைக் கழி வாங்குவதுதான் வழி. ஓட்டிய இன்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அது மேலோடு நிற்கும், தீ சீக்கிரம் பிடிக்கும், குழந்தைகள் சாய்ந்து உட்காரும் காலில் அந்த அழுக்கு வேண்டாம்.

போர்த்திய மூன்று வாரம் முடிந்ததும் காயவைக்க வேண்டும். நிழலில், தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில், கழிக்குக் கழி விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மேல் வரிசைக்குப் பாரம் வையுங்கள். முனைகளில் மெழுகோ பழைய பெயின்டோ பூசினால் வெடிப்பு குறையும். எங்கள் பக்கம் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புவார்கள், அதுவும் வேலை செய்கிறது. காய்ந்ததா என்று தெரிய ஒரே ஒரு கழியைத் தனியாகக் குறித்து வைத்து வாரம் ஒருமுறை எடை போட்டேன். தையில் வெட்டியது, மாசி கடைசியில் எடை போடத் தொடங்கினேன். சித்திரை நடுவரை எடை இறங்கிக்கொண்டே வந்து, பிறகு இரண்டு வாரம் அசையாமல் நின்றது. அதன் பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டேன்.

காற்றின் கணக்கு

கட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் காற்றுச் சுமைத் தொகுப்பான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வருகிறது. சுவரில் மோதினால் தள்ளும், கூரை மேல் போகும்போது உறிஞ்சி மேலே தூக்கும்.

12க்கு 20 கொட்டகைக்கு நாலா பக்கமும் காலுக்கு வெளியே 2 அடி இறவாணம் நீட்டி விட்டால் கூரை 16க்கு 24 அடி, ஏறக்குறைய 36 சதுர மீட்டர். முழு உறிஞ்சலும் வந்தால் 5 டன்னுக்கு மேல் தூக்கும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15, 16 பிடிக்கும். எடை 40 கிலோ பக்கம் வரும். சரிவையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த ஓடும் ஒன்றரை டன் சொச்சம். கழிகளின் எடையைக் கழித்தாலும் மூன்று டன் மிச்சம். எட்டுக் கால் இருக்கிறது, ஒரு காலைக் காற்று 400 கிலோ அளவுக்கு மேலே பிடுங்குகிறது. எங்கள் பழைய கொட்டகையில் அந்த 400 கிலோவைப் பிடித்துக்கொண்டிருந்தது வெயிலில் பொடிந்த ஒரு நைலான் கயிறு.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் அடித்தளம் எவ்வளவு என்பது தானாக வந்துவிடும். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டால் 540 கிலோ. நான் அதை இரண்டரை அடி ஆழமாகப் போட்டேன், 680 கிலோ. பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தூக்கும், அதற்காக அந்த அரை அடி.

கால் மண்ணைத் தொடக் கூடாது

கான்கிரீட்டில் கழியைப் புதைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மரம் சுருங்கியதும் சுற்றிலும் ஒரு இடுக்கு விழும், அதில் தண்ணீர் இறங்கி நிற்கும், மண்ணில் நட்டதைவிடச் சீக்கிரம் மக்கும். அதற்குப் பதில் 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டாவை 'ப' எழுத்தைப் போல் இரண்டு கை மேலே நீட்டியிருக்கும்படி வளைத்து, அடியில் ஒரு முறுக்குக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்து, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பதிக்க வேண்டும். கான்கிரீட் தலை தரையிலிருந்து 9 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். கழியின் அடி அதற்கும் மேலே 1 அங்குலம் விட்டு, பட்டாவின் இரண்டு கைக்கும் நடுவில் உட்காரும். அந்த ஒரு அங்குல இடைவெளியில் 1 அங்குலக் கனத்தில் இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்தால் பாரம் அதன் மேல் இறங்கும், காற்றும் ஓடும். கையை நுழைத்தால் விரல் நுனி மறுபக்கம் தெரிய வேண்டும்.

பிறகு 12 மி.மீ. போல்ட் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று. கழியின் முனையிலிருந்து முதல் ஓட்டை 4 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். ஒட்டிப் போட்டால் நார் பிளந்துகொண்டு போல்ட் வெளியே வந்துவிடும். காய்ந்த சவுக்கில் ஆணியடிக்கவே வேண்டாம், கண்ணெதிரே பிளக்கும். எல்லாம் டிரில் போட்டுத்தான். நாங்கள் கடலுக்கு ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறோம், உப்புக் காற்று விடாது. பட்டாவை வளைத்துப் பற்றவைத்த பிறகு துத்தநாக முலாமில் முக்கி எடுக்கக் கொடுத்தேன். போல்ட்டும் வாசரும் முலாம் போட்டதே வாங்கினேன். கான்கிரீட்டுக்கு 1 பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. கடற்கரை மணல் வேண்டாம், அதன் உப்பு உள்ளே இருக்கும் இரும்பைத் தின்றுவிடும்.

சட்டம் கட்டுவது

20 அடி நீளத்தை மூன்று அங்கணமாக, அதாவது காலுக்குக் கால் மூன்று இடைவெளியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் 6 அடி 8 அங்குலம், பக்கத்துக்கு நாலு கால். இரண்டே அங்கணமாக 10 அடி விட்டால் இரண்டு கால் மிச்சமாகுமே என்று மேஸ்திரி சொன்னார். மிச்சமாகும். ஆனால் இடைவெளியை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் வளையின் தொய்வு ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஓட்டுக் கூரைக்குத் தொய்வுதான் எதிரி. வளை தொங்கினால் ஓடு வாய் பிளக்கும், மழை உள்ளே வரும்.

எதிரெதிர்க் கால்களை 12 அடி விட்டம் இணைக்கிறது. அதன் நடுவில் மூன்றரை அடிக் குத்துக்கால், அதன் தலையில் கூரை உச்சியில் ஓடும் மோட்டுவளை, இரண்டு பக்கமும் கைமரம். இப்படி நாலு முக்கோணங்கள். மூன்றரை அடி என்று சொன்னது 30 பாகைச் சரிவுக்காக. ஓட்டில் தண்ணீர் தேங்காமல் ஓட அது வேண்டும். காற்றும் தட்டையான கூரையைத்தான் அதிகமாகத் தூக்கும். நாலு பக்கமும் சரிவு வைத்தால் இன்னும் நல்லது. அதற்குக் கை தேர்ந்த ஆசாரி வேண்டும்.

உருட்டுக் கழியில் சேர்ப்பு வேலைதான் நேரம் பிடிக்கும். காலின் தலையை வளை உட்காரும்படி கிண்ணம் போல் குடைய வேண்டும். எங்கள் ஆசாரி வளைக்கழியின் அடியில் கரி தடவி, காலின் தலைமேல் வைத்து ஒரு தடவை அசைத்து எடுப்பார். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் குழி உளியால் சீவுவார், மறுபடி வைப்பார், மறுபடி சீவுவார். ஆறு ஏழு தடவைக்குப் பிறகு கிண்ணம் முழுக்கக் கரி படியும். அப்போதுதான் "உக்காந்துடுச்சும்மா" என்பார். ஒரு காலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தைக் கொடுங்கள். மேடு பள்ளமாக உட்கார்ந்த கழி, பாரம் முழுவதையும் ஒரு விரல் அகலத்தில் இறக்கும், அங்கேதான் பிளவு தொடங்கும்.

குடைந்து உட்காரவைப்பது பாரம் கீழே இறங்குவதற்கு. மேலே தூக்கும் காற்றை அது பிடிக்காது. அதற்கு வளைக்கு மேல் சுற்றி, காலின் இரண்டு பக்கமும் ஒரு அடி இறங்கும் முலாம் பூசிய தகட்டுப் பட்டி, இரண்டு போல்ட். கைமரம் ஒவ்வொன்றும் வளையோடு சேரும் இடத்திலும் இதே மாதிரிச் சின்னப் பட்டி. 2 அடிக்கு ஒரு கைமரம், பக்கத்துக்கு 13, மொத்தம் 26. ஒன்றைக்கூட விடாதீர்கள். ஓடு, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம், கைமரம், வளை, கால், பட்டா, கான்கிரீட் என்று இது ஒரே சங்கிலி. எந்தக் கண்ணி கயிறாக இருக்கிறதோ அங்கேதான் விடும். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். பந்தலுக்குச் சரி, நிரந்தரக் கூரைக்கு வேண்டாம்.

அப்புறம் முட்டு. நாலு கால், மேலே வளை என்று நாற்கோணமாக மட்டும் நிறுத்தினால், தோள் கொடுத்துத் தள்ளினாலே சாயும். ஒரு மூலைக்கழி போட்டதும் முக்கோணமாகி இறுகிவிடும். ஒவ்வொரு காலின் தலையிலும் இரண்டரை அடிக்கு இரண்டரை அடியில் 45 பாகைக் கைமுட்டு கொடுத்தேன். இரண்டு கடைக்கோடி அங்கணங்களிலும் தரையிலிருந்து வளை வரை கத்திரிப் போக்கில் இரண்டு கழி. கூரைத் தளத்திலும் கைமரங்களுக்கு அடியில் மூலைக்கு மூலை ஒரு கழி. கூரை என்றால் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கைமரங்கள் வரிசையாகச் சீட்டுக்கட்டு போல் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தானேயில் பார்த்திருக்கிறேன்.

ஏன் கீற்று வேய்வதில்லை

குழந்தைகள் உட்காரும் இடத்துக்குக் கீற்று போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கூரைக் கொட்டகை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். கீற்று குளிர்ச்சிதான், நானும் அதற்குள் வளர்ந்தவள்தான். ஆனாலும் என் தம்பி முப்பது பிள்ளைகளை உட்காரவைக்கும் இடத்துக்கு மேலே அதைப் போட எனக்கு மனசு வராது. ஓடு போட்டு, மின்கம்பியைப் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வழி வைத்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கும்.

ஓட்டுக்கு 2க்கு 1 அங்குல ரீப்பர். இடைவெளி ஏறக்குறைய ஒரு அடி, ஆனால் வாங்கிய ஓட்டை வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும். உருட்டுக் கழி மேல் ரீப்பர் மட்டமாக வராது. மோட்டிலிருந்து இறவாணம் வரை நூல் பிடித்து, மேடான இடத்தில் கைமரத்தைச் சீவி, பள்ளமான இடத்தில் சின்ன ஆப்பு வைக்க வேண்டும். இறவாணத்து இரண்டு வரிசை, கடைக்கோடி இரண்டு வரிசை, மோட்டை ஒட்டிய வரிசை ஆகிய ஓடுகளை முலாம் பூசிய மெல்லிய கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். ஓட்டின் அடியில் அதற்கென்றே ஓட்டை இருக்கும். காற்று முதலில் கை வைப்பது ஓரங்களில்தான்.

கட்டிய பிறகு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று தானே அளவுக்கு இல்லை, மழைதான் அப்படிக் கொட்டியது. தண்ணீர் கொட்டகைக்குள் முழங்கால் பக்கம் ஏறி, ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வடிந்தது. வடிந்ததும் முதல் வேலையாக எட்டுக் காலின் அடியிலும் விரலை நுழைத்துப் பார்த்தேன். அந்த ஒரு அங்குல இடைவெளியில் சேறும் வைக்கோலும் அடைத்திருந்தது. குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கட்டைவிரலால் அழுத்தினேன். மரம் கெட்டியாக இருந்தது. கடைக்கோடி வரிசையில் நான்கு ஓடுகள் விட்டுப்போயிருந்தன. அந்த நான்குக்கும் கம்பி கட்டாமல் விட்டிருந்தோம்.

பராமரிப்பு அதிகம் இல்லை. முதல் வருஷம் மரம் இன்னும் கொஞ்சம் சுருங்கும், எல்லா நட்டும் தளரும். கட்டிய மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் ஸ்பேனரோடு ஒரு சுற்று. பிறகு வருஷம் ஒரு தடவை, புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால். கால்களின் வெளிப்பக்கத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெயை இரண்டு பூச்சு கொடுக்கிறேன். பூசிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டி வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நீளவாக்கில் விழும் மெல்லிய வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம், சவுக்கு வெடிக்கத்தான் செய்யும். போல்ட் ஓட்டையிலிருந்து முனை வரை ஓடும் வெடிப்பை மட்டும் விடாதீர்கள். அந்த இடத்தைச் சுற்றித் தகட்டுப் பட்டி போட்டு இறுக்கிவிட்டு, கழியில் சாக்பீஸால் தேதி எழுதி வையுங்கள். அடுத்த புரட்டாசியில் அந்த வெடிப்பு பட்டியைத் தாண்டியிருந்தால் காலை மாற்ற வேண்டும். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும், வளைக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, புதுக் கழியை அதே பட்டாவில் இறக்கிவிடலாம். அதற்காகவே வரப்பில் இன்னும் ஆறு மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறோம்.